சூளைக்கு நெருப்பு வைத்த கை

2006ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நான்காம் நாள், திங்கட்கிழமை. விடியற்காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. ஆயினும் ஒரு சொட்டு மழையும் விழவில்லை. காற்று முற்றிலும் அடங்கியிருந்தமையால் விருத்தாசலம் பேருந்து நிலையத்தில் நின்றவர்கள் அனைவரும் கழுத்தைத் துடைத்தவண்ணம் இருந்தனர்.

கம்மாபுரம் பக்கமிருந்து வந்த நகரப் பேருந்தைவிட்டு இறங்கிய அமிர்தமும் வாசுகியும் சாமிக்கண்ணுவின் பழவண்டியருகே நின்றனர். அவ்விருவரும் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள். ஒரே தெருவில் குடியிருப்பவர்கள். அன்று அவர்களுடைய நிறுவனத்தில் சூளைக்கு நெருப்பு வைக்கும் நாளாதலால், பூசைக்கு வாழைப்பழம் வாங்க வேண்டியிருந்தது. அமிர்தம் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய்த் தாளை நீட்டினாள். சாமிக்கண்ணு அதை வாங்கவில்லை.

"கோச்சுக்காத அமிர்தம். வாசுகி கையால குடுக்கச் சொல்லு. இன்னும் போணி ஆவல."

"யாரு குடுத்தா என்னாய்யா? நோட்டு அதே நோட்டுதான?"

"நோட்டுக்கா கேக்குறேன்? போன வாரம் இந்தப் பொண்ணு போணி பண்ணுச்சு. மத்தியானத்துக்குள்ள வண்டிய தொடச்சிட்டு வூட்டுக்குப் போயிட்டேன்."

"நேத்து யாரு பண்ணா?"

"எம் பொண்டாட்டி. அதான் நேத்துப் பழமெல்லாம் இன்னும் இங்கியே கெடக்குது."

வாசுகி சிரித்துக்கொண்டே அமிர்தத்தின் விரல்களிலிருந்து தாளை எடுத்துச் சாமிக்கண்ணுவிடம் கொடுத்தாள். அவன் அதை இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டான். தாள் அமிர்தத்துடையது, மரியாதை வாசுகிக்குக் கிடைத்தது. அமிர்தம் பழச்சீப்பை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு முன்னே நடந்தாள்.

சிலருடைய கை தொட்டுத் தொடங்கினால் காரியம் செழிக்கும் என்றும், வேறு சிலருடைய கை பட்டால் விளங்காது என்றும் அவ்வூரார் நம்பினர். அத்தகைய கைராசி ஒரு காலத்தில் அமிர்தத்திற்கு இருந்ததாக அனைவரும் கூறினர். விதைப்புக்கு முதல் பிடி நெல்லை அள்ளித்தர அவளை அழைப்பார்கள். புதுக் கறவை மாடு வாங்கியவன் முதல் பாலைக் கறக்க அவளைத்தான் கூப்பிடுவான். அவள் கணவன் நடராசன்கூட, சீட்டாடப் போகும் நாளில் அவள் கையைத் தொட்டுவிட்டுத்தான் போவான். தோற்றுத் திரும்பினால், தொடும்போது அவள் முகம் சரியாக இல்லை என்பான்.

இவை அனைத்தையும்விட அவள் பெரிதாக எண்ணியது சூளைதான். மின்சார மீட்டரின் அருகில் பதிக்கும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைச் செய்து விற்கும் குருமூர்த்தி, தம் நிறுவனத்தைத் தொடங்கிய நாளன்று, வேலைக்கு வந்திருந்த பெண்களுள் அமிர்தத்தை அழைத்துச் சூளைக்கு முதல் நெருப்பை வைக்கச் சொன்னார். அன்று வெந்த சரக்கு குறையின்றி அமைந்தது. அதுமுதல் ஒவ்வொரு முறையும் அமிர்தமே நெருப்பு வைத்தாள். கற்பூரத்தட்டில் பற்றவைத்த தீக்கம்பியை அவள் ஏந்தி வரும்போது, முதலாளியும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நிற்பார். மாதத்தில் இருமுறை வரும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே அவள் மற்ற நாள்களில் முணுமுணுக்காமல் பச்சைக் கட்டைகளின் ஓரத்துப் பிசிறைத் தட்டினாள் என்று கூறினால் மிகையாகாது.

அவ்வாண்டு சித்திரை மாதத்தில், சூளை பாதி எரிந்துகொண்டிருக்கையில் எரிவாயுவின் அழுத்தம் குறைந்துபோயிற்று. கட்டைகள் மங்கலாகவும் சொரசொரப்பாகவும் வெளிவந்தன. வால்வு ஒன்று பழுதுபட்டிருந்தது என்று கண்டுபிடித்து, ஆள் வந்து அதை மாற்றியும் சென்றான். ஆனால் வால்வின்மேல் ஒருவரும் பழி கூறவில்லை.

"அடுத்த தடவ கைய மாத்திப் பாப்போம்," என்றார் குருமூர்த்தி, அமிர்தத்தின் முகத்தைப் பாராமல்.

அவ்வமயம் அமிர்தம் பெருந்தன்மையோடு சிரித்தாள். "வாசுகி வைக்கட்டுங்க. சின்னப் பொண்ணு, ஆசையா இருக்கும்," என்று அவளே சொன்னாள். வாசுகியை அந்த வேலைக்கு அழைத்து வந்தவளும் அவளே அன்றோ! வாசுகி கை வைக்கும் சரக்கு சுமாராக அமையும், அடுத்த முறை தீக்கம்பி தன்னிடமே திரும்பி வரும் என்பது அவள் கணக்கு.

தீக்கம்பி திரும்பவில்லை. வாசுகி கை வைத்த சூளைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறையின்றி வெந்தன. பேச்சு தொழிற்பேட்டையைத் தாண்டிப் பேருந்து நிலையத்துக்கும், அங்கிருந்து ஊருக்கும் பரவியது. ஆடிப்பட்டத்துக்கு முதல் பிடி விதையை வாசுகிதான் அள்ளிக் கொடுத்தாள். அப்போது அமிர்தம் கூட்டத்தில் ஒருத்தியாக நின்று, தன் கைகளைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

அன்று திங்கட்கிழமையாதலால் ராகுகாலம் ஒன்பது மணிவரை இருந்தது. அது கழிவதற்காக அனைவரும் சூளைக் கொட்டகையில் காத்திருந்தனர். வழக்கத்துக்கு மாறாக முதலாளியின் மனைவி பூர்ணிமாவும் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். சேலத்து வியாபாரி ஒருவர் முதன்முறையாகப் பெரிய அளவில் சரக்குக் கேட்டிருந்தார். இச்சூளை நன்றாக வெந்தால் அவர் ஆண்டு முழுவதும் வாங்குவார்.

வாசுகி அமிர்தத்தின் கையைப் பிடித்துக் கொட்டகைக்குப் பின்னாலிருந்த குழாயடிக்கு இழுத்துச் சென்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"என்னாடி, நேரம் ஆவுது."

"அக்கா, நான் தூரமாயிட்டேன். இப்பத்தான் பாத்தேன்."

"உனக்கு இன்னும் நாள் கெடக்குதுன்னு சொன்னியே?"

"முன்னாடியே வந்துடுச்சு. இப்ப நான் எப்படிக்கா கற்பூரத்தாண்ட போறது? மொதலாளிகிட்ட என்னான்னு சொல்றது? அந்தம்மா வேற வந்து நிக்கிறாங்க. நீ எதுனா சொல்லுக்கா. கையச் சுட்டுக்கிட்டான்னு சொல்லு. நீயே வச்சுடு."

நீயே வச்சுடு என்ற சொற்கள் அமிர்தத்தின் நெஞ்சில் தைத்தன. எது தன்னுடையதாக இருந்ததோ, அதையே ஒரு நாளைக்கு இரவல் தருவதுபோல் இவள் தருகிறாள். இன்று வாங்கிக்கொண்டால், பதினைந்து நாள் கழித்து மீண்டும் இவளிடமே கொடுத்துவிட வேண்டும். அதற்குள் சரக்கு நன்றாக வந்தால், வாசுகி வேலை செய்யும் இடத்தின் ராசி என்பார்கள். கெட்டுப்போனால், அமிர்தம் தொட்டாள் என்பார்கள்.

மாதவிலக்கான பெண் நெருப்பு வைத்தால் சூளை கெடும் என்பதை அமிர்தம் முழுமையாக நம்பினாள். அதில் அவளுக்கு எள்ளளவும் ஐயமில்லை. முதலாளிக்கு எத்துணை பெரிய நட்டம் வரும் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அவ்வளவும் தெரிந்திருந்தும், குழாயிலிருந்து சொட்டிய நீரைப் பார்த்தபடி அவள் கூறினாள்:

"அடப் போடி. இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் பாக்குறாங்க? டவுன்ல பெரிய பெரிய டாக்டரம்மாங்க எல்லாம் மூணு நாளு வூட்டுலியா குந்திக்கினு இருக்காங்க? பேசாம போயி வையி."

"சாமி குத்தம் ஆயிடாதாக்கா?"

"நான் சொல்றேன்ல?"

வாசுகி குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டாள். "நீ சொன்னா சரிதான்க்கா. உனக்குத் தெரியாததா?"

சூளையின் இடப்புறச் சுவரில் மாட்டியிருந்த அம்மன் படத்துக்குப் பூர்ணிமா கற்பூரம் காட்டினாள். இரும்புக்கம்பியின் முனையில் சுற்றிய எண்ணெய்த்துணி அந்தச் சுடரில் பற்றியது. வாசுகி கம்பியை வாங்கினாள். தலையைத் திருப்பி அமிர்தத்தைத் தேடினாள். அமிர்தம் தலையை அசைத்தாள். சூளையின் பொறுப்பாளனான மாயவன் எரிவாயுக் குழாயைத் திறக்க, வாசுகி கம்பியை உள்ளே நீட்டினாள்; நெருப்பு புசுக்கென்று நீலமாகப் பிடித்துக்கொண்டது. முதலாளி கைகூப்பினார். அமிர்தமும் கைகூப்பினாள். என்ன வேண்டிக்கொள்வது என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை.

சூளை இரண்டு பகலும் ஓர் இரவும் எரிந்து, பிறகு ஆற வேண்டும். செவ்வாய்க்கிழமை முழுவதும் அமிர்தத்தால் ஓரிடத்தில் அமர இயலவில்லை. பிசிறு தட்டும் பலகையைவிட்டு எழுந்து எழுந்து சூளைப்பக்கம் போனாள்.

"அண்ணே, உள்ள எப்படி இருக்குது?"

"நெருப்பு இருக்குது," என்றான் மாயவன்.

"அது எனக்குத் தெரியாதா? நல்லா வேவுதான்னு கேக்குறேன்."

"வெண்டக்கா கொழம்பா, மூடியத் தொறந்து கரண்டிய வுட்டுப் பாக்க? நாளைக்குத் தெரியும், போ. காலையிலேருந்து சுத்திச் சுத்தி வர. உன் நகையெல்லாம் கழட்டி உள்ள வச்சிருக்கியா?"

"எங்கிட்ட ஏதுண்ணே நகை?"

"அப்ப என்னாத்துக்கு இப்படி வேர்க்குது?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். மதியம் வாசுகி தன் சோற்றைத் தொடவில்லை. டப்பாவைத் திறந்து, அதிலிருந்த வறுத்த கருவாட்டை எடுத்து அமிர்தத்தின் தட்டில் வைத்தாள்.

"நீ தின்னல?"

"எறங்க மாட்டங்குதுக்கா. உள்ள என்னா ஆவுதோன்னு இருக்குது. எதுனா ஒண்ணு ஆச்சுன்னா நான் நாளையிலேருந்து இந்தப் பக்கமே வர மாட்டேன்."

"ஒண்ணும் ஆவாது, தின்னு," என்றாள் அமிர்தம். அவ்வாறு சொல்லும்போதே, வாசுகி வராத கொட்டகையை அவள் மனக்கண்ணில் கண்டாள். பழவண்டிக்காரன் தாளை நேராக அவள் கையிலிருந்தே வாங்கினான். தீக்கம்பி தன்னிடம் வந்தது. அந்தக் காட்சி இனித்தது. கருவாடும் இனித்தது, அதற்காக அவள் தன்னையே ஒரு கணம் வெறுத்தாள், ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

புதன்கிழமை பிற்பகல் சூளைக்கதவு திறக்கப்பட்டது. மாயவன் கைகளில் சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டு, கட்டைகள் அடுக்கிய இரும்புத் தள்ளுவண்டியை மெல்ல வெளியே இழுத்தான். வெப்பம் எல்லாருடைய முகத்திலும் அறைந்தது. அமிர்தம் முன்வரிசையில் நின்றாள். அடுக்கின் மேல்தட்டைக் கண்டதும் அவள் அடுத்த தட்டைப் பார்த்தாள். அதன்பின் கீழ்த்தட்டைக் குனிந்து பார்த்தாள்.

கட்டைகள் பாலாடைபோல் வெண்மையாக மின்னின. ஒன்றிலும் கீறல் இல்லை, கொப்புளம் இல்லை. குருமூர்த்தி ஆறிய இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். வெண்கலமணி அடித்தாற்போன்ற ஒலி எழுந்தது. மாயவன் விசில் அடித்தான்.

"மொதலாளி, நான் இந்தச் சூளையாண்ட வந்ததுலேருந்து இப்படி ஒரு சரக்கப் பாத்ததில்லைங்க."

குருமூர்த்தி இனிப்பு வாங்கிவர ஆளனுப்பினார். பின்பு அனைவருக்கும் கேட்கும்படி அறிவித்தார்: "தை பொறந்ததும் ரெண்டாவது சூளை கட்டப்போறேன். அதுக்கும் வாசுகி கைதான். இனிமே இத மாத்துறதா இல்ல."

வாசுகி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்பது தெரியவில்லை. அவள் அமிர்தத்தின் பக்கம் நகர்ந்து, "நீ சொன்ன மாதிரியே ஒண்ணும் ஆவலக்கா," என்று காதோடு சொன்னாள்.

பூர்ணிமா அருகில் வந்து வாசுகியின் தோளைத் தொட்டாள். "வெள்ளிக்கெழம எங்க வூட்டுக்கு வா வாசுகி. என் தங்கச்சி தையல் கடை வைக்கப்போறா. மெசின்ல மொத தையலு நீ போடணும்." அதன்பின் அமிர்தத்தின் பக்கம் திரும்பினாள். "அமிர்தம், நீதான் கூட இட்டுக்கிட்டு வரணும். அதுக்கு வூடு தெரியாது."

மற்றொருத்திக்கு வழிகாட்டும் வேலை தனக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பதை அமிர்தம் உணர்ந்தாள். நாக்கு அவளைக் கேட்டுக்கொண்டு அசையவில்லை.

"கூட்டியாரேங்க. ஆனா எப்ப தூரம், எப்ப குளிச்சான்னு கேட்டுக்கிட்டுக் கூப்பிடுங்க. திங்கக்கெழம தூரமா இருந்துக்கிட்டுத்தான் இந்தச் சூளைக்கு நெருப்பு வச்சா."

ஆண்கள் இருவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நழுவினர். பூர்ணிமா வாசுகியின் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"வாசுகி, நெசமா?"

"நெசந்தாம்மா."

"தெரிஞ்சேவா வச்ச?"

"தெரிஞ்சுதாம்மா வச்சேன்."

வாசுகி நிமிர்ந்து அமிர்தத்தைப் பார்த்தாள். இதோ சொல்லப்போகிறாள் என்று அமிர்தம் காத்திருந்தாள். அக்காதான் வைக்கச் சொன்னாள் என்ற ஒரே வாக்கியம் போதும். அதற்கு மறுமொழியாக, நான் எப்போது சொன்னேன் என்ற வாக்கியத்தை அமிர்தம் நாவில் தயாராக வைத்திருந்தாள். வாசுகி அதைச் சொல்லவில்லை. மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டு, சுவரோரமாகப் போய் நின்றாள். தயாராக இருந்த பொய் அமிர்தத்தின் வாயிலேயே தங்கிவிட்டது.

"சரக்கு நல்லாத்தான இருக்குது," என்று குருமூர்த்தி தாழ்ந்த குரலில் கூறினார்.

"நல்லா இருந்தா ஆச்சா? மொதல்ல எல்லாத்துக்கும் மஞ்சத்தண்ணி தெளிக்கச் சொல்லுங்க."

"கரண்டு கட்டைக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சு சேலத்துக்கு அனுப்பச் சொல்றியா? அந்தாளு என்னா நெனைப்பாரு?"

"தொடச்சு அனுப்புங்க. அம்மனுக்குத் தெரிஞ்சா போதும், அவருக்குத் தெரிய வேணாம்."

ஒரு வாளியில் மஞ்சள் கரைக்கப்பட்டது. வெண்கட்டைகளின்மேல் வேப்பிலையால் மஞ்சள் நீர் தெளிக்கப்பட்டது. சூட்டில் அது சொய்யென்று ஆவியாயிற்று. குருமூர்த்தி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே முடிவு கூறினார்.

"இனிமே பொம்பளைங்க யாரும் நெருப்பு வைக்க வேணாம். ஒருத்தர ஒருத்தர் பேசிக்கிறது எனக்கு எதுக்கு? மாயவனே வைக்கட்டும்."

"நான் குளிச்சே மூணு நாளாவுதுங்க, மொதலாளி," என்றான் மாயவன்.

யாரோ ஒருவர் சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார். அமிர்தத்திற்குச் சிரிப்பு வரவில்லை. யாரும் என்று முதலாளி சொன்ன அந்த ஒரு சொல்லில் தானும் அடங்கிவிட்டதை அவள் அப்போதுதான் புரிந்துகொண்டாள். வாசுகியிடமிருந்து பறிக்கப்பட்டது அவளிடம் வந்து சேரவில்லை. பீடி பற்றவைக்கும் கைக்கு அது போய்விட்டது.

மாலையில் வாசுகி அவளுக்காகக் காத்திராமல் புறப்பட்டாள். அமிர்தம் பின்தொடர்ந்து விரைந்து, பேருந்து நிலையத்தில் அவளை எட்டிப்பிடித்தாள். வண்டி வந்து நின்று, கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது.

"வாசுகி, நான் வேணும்னு சொல்லலடி. என்னமோ வாயில வந்துடுச்சு."

"திங்கக்கெழம கொழாயாண்ட சொன்னியே, அதுவும் தானா வாயில வந்துதா?"

அமிர்தம் தோளிலிருந்து நழுவிய பையை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"நேத்தெல்லாம் நான் சோறு தின்னாம குந்திக்கினு இருந்தேன். என்னா ஆவுமோன்னு நான் பயந்தேன். நீ ஆவணும்னு பாத்துக்கிட்டு இருந்துருக்க. மாயவண்ணன் கேட்டாரு, அமிர்தத்துக்கு என்னா, சூளையவே சுத்துதேன்னு. எனக்காகத்தான் தவிக்குதுன்னு நெனச்சேன்."

"அப்ப அங்கியே ஏன் சொல்லல? நான்தான் வைக்கச் சொன்னேன்னு?"

வாசுகி படிக்கட்டின் கம்பியைப் பிடித்தாள். "சொல்லியிருந்தா உங்கள நாளைக்கு வேலைக்கு வர வேணாம்னு சொல்லியிருப்பாங்க. எனக்கு இந்த வேலை வாங்கிக் குடுத்தது நீங்க. அதுக்கு இது சரியாப் போச்சு. இனிமே காலையில எனக்காக நிக்காதீங்க. நான் அடுத்த பஸ்ஸுல வந்துக்கிறேன்."

பழகிய நாள் முதலாக வாசுகி அவளை நீங்கள் என்று மரியாதைகொடுத்துப் பேசியது அதுவே முதன்முறை. வைதிருந்தால் அமிர்தம் பதிலுக்கு வைதிருப்பாள்; அடித்திருந்தால் அழுதிருப்பாள். இதற்கு என்ன செய்வதென்று அவள் எங்கும் கற்கவில்லை. ஆகவே அவள் பின்னே ஏறினாள்.

வண்டியில் ஓர் இடமே காலியாக இருந்தது. சன்னலோரத்தில் அமர்ந்திருந்த முன்பின் அறியாத பெண்ணொருத்தி, மடியிலிருந்த துணிப்பையை நகர்த்தி வாசுகிக்கு இடம் கொடுத்தாள். வாசுகி அமர்ந்தாள். அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். வாசுகி குனிந்து, மிகத் தாழ்ந்த குரலில், ஏதோ சொல்லத் தொடங்கினாள். அந்தப் பெண் காதைச் சாய்த்து, "ஐயய்யோ" என்று வாசுகியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

நெரிசலில் நின்று மேற்கம்பியைப் பற்றியிருந்த அமிர்தம், வாசுகியின் முழங்கையைப் பற்றியிருந்த அந்தக் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண்ணாடி வளையல் அணிந்த, கறுத்த, மிகச் சாதாரணமான கை அது. இதுவரை வாசுகி இப்படிக் குனிந்து மனத்திலிருப்பதைச் சொன்னது அமிர்தத்திடம் மட்டுமே. தீக்கம்பியை ஏந்திய வாசுகியின் கையைப் பார்த்தபோதுகூட இத்தகைய எரிச்சல் அவளுக்கு எழுந்ததில்லை. நடத்துநர் விசில் ஊதினார். பேருந்து நகர்ந்தபோது நிலையத்துக் கடிகாரத்தில் மணி ஐந்து ஐம்பது.